ஒத்தச் சக்கரமும் பன்னெண்டு பொம்பளைகளும்

எம் புருசன் ஈஸ்வரபாண்டி ஒத்தச் சக்கர வண்டி வாங்கப் போறேன்னு சொன்னப்ப, மண்ணு அள்ளுற தள்ளுவண்டின்னுதான் நெனச்சேன். சரி, மனுசன் ஒருவழியா கொத்து வேலைக்குப் போக முடிவெடுத்துட்டாகன்னு சந்தோசங்கூடப் பட்டேன். அப்புறம் போன்ல படத்தக் காட்டுனாக. கறுப்பா ஒரு பொட்டி, அதுக்கு நடுவுல ஒரே ஒரு டயரு, ரெண்டு பக்கமும் கால் வைக்க ரெண்டு தகடு. சீட்டு கிடையாது, பிடிச்சுக்கக் கம்பி கிடையாது. கரண்டுல ஓடுமாம். அது மேல நின்னுக்கிட்டே போகணுமாம்.

"எதுக்கு மாமா இது?"ன்னேன்.

"ஜீப்ப ஓட்டுறதுக்கு"ன்னாக.

தலையில அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு. ஆனா அவுக வெளையாட்டுக்குச் சொல்லல.

நாங்க கூடலூர். எங்க தெருப் பொம்பளைக பாதிப்பேரு விடிஞ்சதும் ஜீப்புல ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, மலை ஏறி, குமுளிக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவுக. நானும் அதுல ஒருத்தி. என்னையும் சேத்து எங்க ஜீப்புல பன்னெண்டு பேரு. பதினாலு வருசமா அத ஓட்டுனது எம் புருசந்தான். ஜீப்பு, கங்காணி நல்லகண்ணு அண்ணனோடது. ஆள் சேக்குறதும் அவருதான். ஆனா டிரைவரு யாருங்கிறத முடிவு பண்றது அவரில்ல, நாங்க. அத்தன வளைவுலயும் ஒருத்தன் கையில உசிரக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம். அவன் மேல நம்பிக்கை இல்லன்னா ஒருத்தியும் ஏறமாட்டா. ஏறலன்னா ஜீப்பு நிக்கும். எழுதி வச்ச சட்டமில்ல, காலங்காலமா அப்படித்தான்.

போன தை மாசம், குமுளி செக்போஸ்ட்ல ஜீப்பு நின்னப்ப அவுகளுக்கு வலிப்பு வந்துருச்சு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், நான் போகல. வாயில நுரை தள்ளி ஸ்டியரிங் மேல சாஞ்சுட்டாகளாம். மத்த பதினோரு பேரும் கத்திக்கிட்டு எறங்கி, சாவிய உருவி அவுக கையில திணிச்சிருக்காளுக. இரும்பக் கையில குடுத்தா நிக்கும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. அஞ்சு நிமிசம் முந்தி வந்திருந்தா வளைவுல வந்திருக்கும். இத ஒருத்தியும் என்கிட்ட வாய்விட்டுச் சொல்லல. சொல்லாததுதான் எனக்கு இன்னும் சுருக்குனு இருந்துச்சு.

தேனியில டாக்டரம்மா தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது, நான் சொல்ற வரைக்கும் எந்த வண்டியும் ஓட்டக் கூடாதுன்னுட்டாக. இன்னொண்ணும் என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. வலிப்புன்னா கீழ விழுந்து வெட்டித்தான் இழுக்கணும்னு இல்லம்மா, கொஞ்ச நேரம் கண்ணு மட்டும் வெறிச்சுப் போகும், விரலு சட்டைப் பொத்தானையோ எதையோ நோண்டும், கூப்பிட்டா கேக்காது, அதுவும் வலிப்புத்தான், கவனிச்சுக்கங்கன்னாக.

எட்டு மாசம் வீட்டுல இருந்தாக, ஜீப்ப நல்லகண்ணு அண்ணனே ஓட்டுனாரு. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டாக, போகல. "நான் டிரைவரு"ம்பாக. தெருவுல ஜீப்பு போனா எந்த கியர்ல போகுதுன்னு படுத்துக்கிட்டே சொல்லுவாக. நான் வேலைக்குக் கெளம்புறப்ப செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாக. ஒருநாள் பலசரக்குக் கடையில ஒருத்தி என்னைய "வலிப்புக்காரன் பொண்டாட்டி"ன்னு அடையாளம் சொன்னா. நாண்டுக்கிட்டுச் சாகலாம்போல இருந்துச்சு. நல்லகண்ணு அண்ணனக் கேட்டா, "எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா, பொம்பளைக ஏறுனா அவனே ஓட்டட்டும்"னு கைய விரிச்சுட்டாரு.

அந்த ஒரு வார்த்தையத்தான் எம் புருசன் பிடிச்சுக்கிட்டாக. போன்ல எவனோ ஒத்தச் சக்கரத்துல போறதப் பாத்துருக்காக. "இந்தா பாரு நதியா, நெதானம் உள்ளவந்தான் இதுல நிக்க முடியும். பொம்பளைக முன்னால நான் இதுல நின்னு ஓட்டிக் காட்டிட்டேன்னு வையி, அப்புறம் எனக்குத் தலையில கோளாறுன்னு எவ சொல்லுவா?"

சிரிக்காதீக. கேக்கும்போது எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. எங்களுக்குத் தலைசுத்தல், நரம்புத் தளர்ச்சி, வலிப்பு எல்லாம் ஒண்ணுதான். விழாம நின்னா நல்லா இருக்கான், விழுந்தா சீக்காளி. அம்புட்டுத்தான் எங்க வைத்தியம்.

ராயப்பன்பட்டியில அஜய்குமார்னு ஒரு தம்பி. பெங்களூரு கம்பெனி வேலைய வீட்டுல இருந்தே பாக்குறவரு. சக்கரத்துல இருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சதுல, அவரு பொண்டாட்டி அத வித்தாத்தான் ஆச்சுன்னு நிக்கிது. எம் புருசன் பழைய ஜீப்பு வாங்குற மாதிரியே குத்தவச்சு உக்காந்து, டயர நகத்தால கீறிப் பாத்தாக. பொட்டியச் சாச்சு அடியில கையவிட்டுத் தடவுனாக.

"எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கு தம்பி?"

அவரு போன்லயே காட்டுனாரு. நாலாயிரத்துச் சொச்சம்.

"ஆர்சி புக்கு?"

"அதெல்லாம் கிடையாதுண்ணே. அதனால ரோட்டுக்குக் கொண்டுபோயிராதீங்க. களம், மைதானம், அவ்வளவுதான். பேட்டரி பாதிக்குக் கீழ எறங்குனா வேகம் வேணாம். பீப் பீப்னு கத்துச்சுன்னா மெதுவாக்கிருங்க. கேக்காமப் போனா அதுவே கரண்ட நிப்பாட்டிரும், அப்புறம் மூஞ்சி தரையிலதான்." சொல்லிட்டு அந்தத் தம்பி ஒரு நிமிசம் யோசிச்சாரு. "ஒடம்புல ஒண்ணும் தொந்தரவு இல்லையேண்ணே?"

"நான் மலையில ஜீப்பு ஓட்டுறவன் தம்பி"ன்னாக இவுக.

நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல. என் சீட்டுப் பணம் இருபத்தஞ்சாயிரத்தக் குடுத்துட்டு, சக்கரத்த மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்தோம்.

ஊருக்கு வெளிய ஒரு நெல்லுக் களம் இருக்கு. சாயங்காலம் நான் மலையில இருந்து எறங்குனதும் நேரா அங்கனதான் போவோம். ஒரு காலத் தகட்டுல வச்சு, இன்னொரு காலால தரைய உந்தி உந்திப் போகணும். மொத நாலு நாளும் சக்கரம் ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். கெண்டைக்கால் உள்பக்கமெல்லாம் பொட்டி மோதி மோதிக் கன்னிப்போச்சு. "காலப் பாக்காதீக மாமா, தூரத்துல பாருங்க, பாக்குற பக்கந்தான் போகும்னு அந்தத் தம்பி சொல்லுச்சுல்ல"ன்னு நான் கத்துவேன். என் தோளப் பிடிச்சுக்கிட்டு வருவாக, நான் கூடவே ஓடணும். நாள் பூராம் ஏலக்கா எடுத்த இடுப்பு, களத்துல ஓடி இத்துப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், கல்யாணமாகி இத்தன வருசத்துல அவுக என் தோள்ல அம்புட்டு நேரம் கை போட்டதே கிடையாது. நான் அதுக்காகவே ஓடுனேன்னு வச்சுக்கங்களேன்.

பத்தாம் நாளு, என் தோள விட்டுட்டுத் தன்னால போனாக. களத்துல ஒரு முழுச் சுத்து. அவுக மூஞ்சியில சிரிப்பப் பாத்து எட்டு மாசமாச்சு. அழுதுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, சக்கரத்தோட சார்ஜர் பையிக்குள்ள மாத்திரை அட்டையப் பாத்தேன். ராத்திரி மாத்திரைய நான் கையில குடுத்து முழுங்க வைப்பேன். காலை மாத்திரை, நான் வேலைக்குப் போனப்புறம் அவுகளா போடணும். அட்டை அப்படியே இருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம். "என்னையக் கேணச்சின்னு நெனச்சீகளா? நான் மலையில அட்டைக்கடி பட்டுச் சம்பாரிச்சு மாத்திரை வாங்குவேன், நீங்க அத ஒளிச்சு வைப்பீகளோ?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி வஞ்சேன்.

அவுக மெதுவாத்தான் சொன்னாக. "அதப் போட்டா காலு தள்ளாடுது நதியா. சக்கரத்துல நிக்க முடியல. ஞாயித்துக்கெழமை பொம்பளைகளுக்கு ஓட்டிக் காட்டிருறேன். திங்கக்கெழமையில இருந்து ரெண்டு வேளையும் தவறாமப் போட்டுக்கிறேன்."

நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்கும் ஆசை இருந்துச்சு. திரும்பவும் டிரைவரு பொண்டாட்டியா முன்சீட்டுல உக்காந்து போகணும்னு ஆசை. மூணு நாள்தானேன்னு விட்டுட்டேன். சீக்கு கூடிரக் கூடாதுன்னு குடுத்த மாத்திரைய, சீக்கு இல்லன்னு காட்டுறதுக்காக நிப்பாட்டுனவுக நாங்க. இப்ப சொல்லும்போது எனக்கே அசிங்கமா இருக்கு.

ஞாயித்துக்கெழமை தோட்டம் லீவு. மதியச் சாப்பாட்டுக்கப்புறம் பொம்பளைக எல்லாம் களத்துக்கு வந்தாக. நல்லகண்ணு அண்ணன் புல்லட்டுல வந்து எறங்குனாரு. ரெண்டு மாசத்துக்கு முந்தி, வேலைய விட்டு நின்ன ஒருத்தி எடத்துல எங்க ஜீப்புல சேந்த ஓவியாவும் வந்திருந்தா. கைப்பிள்ளைய அவ அம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்கு வர்றவ. எம் புருசன் ஓட்டி அவ பாத்ததே இல்ல.

இவுக வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஏறுனாக. மொதச் சுத்து அழகாப் போச்சு. ரெண்டாவது சுத்துல கையக் கட்டிக்கிட்டுப் போனாக. பொம்பளைக "ஏ யாத்தே"ங்கிறாளுக. மூணாவது சுத்துல என்னையப் பாத்துக் கண்ணடிச்சாக. எனக்கு வெக்கமாப் போச்சு.

நாலாவது சுத்துல, எங்களத் தாண்டுறப்ப நான் அவுக கண்ணப் பாத்தேன். கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆளு உள்ள இல்ல. வலது கை விரலு சட்டைப் பொத்தான நோண்டுது. திருப்பத்துல திரும்பல. அந்தப் பாழாப்போன சக்கரம் அவுகள நிக்க வச்சே நேராக் கொண்டுபோகுது. "மாமா"ன்னு கூப்பிட்டேன். கேக்கல. களத்து ஓரத்துல இருந்த வைக்கோல் போர்ல போயி முட்டி, அதுக்குள்ளயே சாஞ்சாக.

பொம்பளைக விழுந்து விழுந்து சிரிச்சாளுக. வேணும்னே வித்தை காட்டுனாகன்னு நெனச்சுக்கிட்டாளுக. ஓவியா விசிலடிச்சா. நான் ஓடிப்போயி அவுக தலையில ஒட்டியிருந்த வைக்கோலத் தட்டிவிட்டேன். அவுக என் காதுக்கிட்ட, "இது எத்தனாவது சுத்து?"ன்னு கேட்டாக.

அதுக்குள்ள எல்லாரும் வந்து சூழ்ந்துக்கிட்டாக. இவுகளும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு நின்னாக.

"இவனப் போயி சீக்காளின்னோமே. ரெண்டு கால வச்சே நமக்கு நிக்க வரல"ன்னா ஒருத்தி. "நாளைக்கே வண்டிய எடுண்ணே"ன்னா இன்னொருத்தி. நல்லகண்ணு அண்ணன் பாதி நாள் மலையில கெடக்குறவரு, வாயில மலையாளம் ஒட்டிக்கிச்சு. "சாரமில்ல, பரவாயில்ல, பழசெல்லாம் விடு"ன்னு ஜீப்புச் சாவிய எடுத்து இவுக கையில குடுத்தாரு. ஓவியா, "அண்ணே, நாளைக்கு முன்சீட்டு எனக்கு"ன்னா. "அது நதியா சீட்டு"ன்னு இவுக சொல்ல, எல்லாரும் திரும்பவும் சிரிச்சாளுக.

சாவி அவுக கையில இருக்கு. அத அவுக பிடிச்சிருந்த பிடியப் பாத்தேன். எட்டு மாசம் செவுத்தப் பாத்துப் படுத்திருந்த மனுசன். நான் வாயத் தொறந்தா அம்புட்டும் போச்சு. தொறக்கலன்னா நாளைக்குக் காலையில இந்தப் பன்னெண்டு பேரும் அந்த வளைவுல.

"நான் ஏறமாட்டேன்"னேன்.

"என்னடி சொல்றே?"ன்னா ஒருத்தி.

"இப்ப வந்துச்சு. நின்னுக்கிட்டு இருக்கும்போதே வந்துச்சு, நான் பாத்தேன். அவுக வேணும்னு வைக்கோல்ல விடல. சக்கரத்துல நிக்கணும்னு காலை மாத்திரையும் போடல. அது எனக்கும் தெரியும், தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். என்னையக் காறித் துப்புங்க. ஆனா யாரும் ஏறாதீக."

ஒருத்தியும் துப்பல. கட்டுன பொண்டாட்டியே ஏறமாட்டேன்னா, அப்புறம் எவ ஏறுவா? நல்லகண்ணு அண்ணன் சாவிக்குக் கைய நீட்டுனாரு. இவுக சாவியக் குடுத்துட்டாக. ஓவியா என் முழங்கையத் தொட்டுட்டுப் போனா. கொஞ்ச நேரத்துல களத்துல நாங்க ரெண்டு பேருந்தான்.

அவுக தரையில உக்காந்தாக. என்னைய அடிப்பாக, வைவாகன்னு எதிர்பாத்தேன். அடிச்சிருந்தாத் தேவல.

"இதுக்கு முந்தியும் ரெண்டு தடவ இப்படி வந்துச்சு. நீ வேலைக்குப் போயிருந்த"ன்னாக.

"தெரிஞ்சேவா சாவிய வாங்குனீக?"

"நீ முன்சீட்டுல இருப்பேல்ல. எனக்கு அப்படி ஆனா, நீ பிரேக்கப் போட்டுருவேன்னு நெனச்சேன்."

"எது பிரேக்குன்னே எனக்குத் தெரியாதே மாமா."

"காலையில ஏறும்போது சொல்லித் தரலாம்னு இருந்தேன்"னாக.

நான் அவுக மூஞ்சிய உத்துப் பாத்தேன். பொய் இல்ல. நெசமாவே அப்படித்தான் நெனச்சிருந்தாக.