எட்டு நிமிடத்துக்குப் பிறகு

பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். சென்னையிலிருந்து டொரொன்டோவுக்குப் படிக்க வந்தவன் நான். இங்கிலாந்துப் பையன்கள் நாலு பேர் கிட்டாரோடு பாடிய ஒரு கேசட்டை, ஊரே கொண்டாடுவதற்கு முன்பு வாங்கியவன். பிறகு அது லட்சக்கணக்கில் விற்று, கடைக்குக் கடை அவர்கள் படம் ஏறியபோது, என் சொத்தில் யாரோ பங்கு கேட்டது போல எரிச்சலாக இருந்தது.

அந்தக் கேசட்டைத்தான் தங்கத்துரை அண்ணை கடிதமாக்கிவிட்டார்.

1986இல் டொரொன்டோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பேஸ்மென்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவர் திருகோணமலைக்காரர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மனைவி கோணேஸ்வரி ஊரில், கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் பேப்பருக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தார். இருவரும் கேசட்டில் பேசி, போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் ஒருவர் அன்று மாலையே கொழும்புக்குப் பறக்கிறார் என்று செய்தி வந்தது. ஞாயிறு என்றால் கடைகள் பூட்டு. வெறும் கேசட் கிடைக்கவில்லை. பாட்டுக் கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு பள்ளங்களை மூடினால் அதிலும் பதியலாம் என்பது அவருக்குத் தெரியும். செலோடேப் ஒட்டி, பேசி, கொடுத்தனுப்பிவிட்டார்.

நான் கத்தினேன்.

"உது எல்லாக் கடையிலயும் விக்குதுதானே தம்பி, வேற ஒண்டு வாங்கித் தாறன்," என்றார்.

அந்த 'எல்லாக் கடையிலயும்'தான் என்னைக் கொன்றது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிறகு அவரே வந்து, தான் பேசி முடித்த பிறகு கேசட்டில் என்ன இருக்கும் என்று கேட்டார். கிட்டார், டிரம்ஸ், கும்மாளம் என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. லீவே எடுக்காமல் உழைக்கிறேன் என்று மனைவிக்குச் சொல்லியிருந்தார். இவர் அங்கே வேறு வாழ்க்கை தேடிக்கொண்டார் என்று ஊரில் அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே கோணேஸ்வரியின் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். மனம் மாறியிருந்தால் சொல்லிவிடுங்கள், நான் வரவில்லை என்று போன கேசட்டில் கோணேஸ்வரி சொல்லியிருந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது. தனியாகக் கேட்கப் பயந்து என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உங்கட கதை எட்டு நிமிசத்தில முடிஞ்சுது," என்றது கோணேஸ்வரியின் குரல். "ஸ்பொன்சர் ஃபோம், படம், கையெழுத்து, அவ்வளவுதான். பிறகு ஒரே பாட்டு. நடுவில எங்கயாவது திரும்ப வருவியளோ எண்டு ரெண்டு பக்கமும் கடைசி மட்டும் கேட்டன். நீங்கள் வரேல்லை."

திட்டியிருந்தால் அண்ணை தாங்கியிருப்பார். அழுதுவிட்டார். அந்தப் பாட்டுகளை நான்கூட ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. என் திமிரை நினைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று வாங்கி வந்தார். மனம்விட்டுப் பேசட்டும் என்று நான் வெளியே போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. மேசையில் கேசட் இரண்டாம் பக்கம் பதிந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று கிசுகிசுத்தேன்.

"பத்து நிமிசத்துக்கு மேல கதைக்க வரேல்லை தம்பி," என்றார், கரண்டியை விடாமல். "நிப்பாட்டவும் மனமில்லை. நான் சமைக்கிறது, இருமுறது, எல்லாத்தையும் அவள் கேக்கட்டும். கடைசி மட்டும் நான் இருப்பன்."