எத்தனை கால் ஓட்டு

என் முதல் தேர்தலில் என்னை ஜெயிக்க வைத்தது ஒரு இலக்கணப் பிழை என்று நாலு வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் எந்த விருந்திலிருந்தும் நான் எழுந்ததில்லை.

எங்கள் பழங்குடியின் செரோக்கி மொழியில் 'கொடு' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்க முடியாது. தண்ணீர் மாதிரி ஓடுவதைக் கேட்க ஒரு 'கொடு'. கம்பு மாதிரி நீண்டு விறைத்ததற்கு ஒன்று. துணி, காகிதம் போல மடங்குவதற்கு ஒன்று. உயிருள்ளதற்கு ஒன்று. மிச்சம் மீதிக்கெல்லாம் சேர்த்து ஒன்று. ஐந்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமைச் சந்தையில் கோழியும் வேட்டைநாயும் விற்றவர்கள். பிள்ளைகளிடம் இங்கிலீஷ், வாடிக்கையாளரிடம் செரோக்கி. கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பொறுக்கிய மொழியில் எண்கள் இருந்தன, 'இது அநியாய விலை' இருந்தது, உயிருள்ளதைக் கேட்கிற 'கொடு' இருந்தது. சந்தைக்கு அது தாராளம். கவுன்சில் தேர்தலுக்குப் பற்றாது என்பது ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

அது மே மாதம். ஓடைக்கரையில் என் முதல் பன்றிக்கறி விருந்து. கறி போடாத ஆளுக்கு எங்கள் பக்கம் காது கூடக் கொடுக்க மாட்டார்கள். பெரிய இரும்புக் கொப்பரையில் கொழுப்பு கொதிக்க, மச்சினன் படகுத் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் துண்டங்களைக் கிண்டிக்கொண்டிருந்தான். பீன்ஸ், பொரித்த ரொட்டி, திராட்சைச் சாற்றில் வெந்த மாவுருண்டை. இன்றைக்கும் எங்காவது விறகுப் புகையும் கறி வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு உடனே சொற்பொழிவு ஆற்றத் தோன்றும்.

அன்றைக்கு வண்டியின் பின்தட்டில் ஏறி நின்று, கெத்தாக, செரோக்கியிலேயே கேட்டேன்: "உங்க ஓட்டை எனக்குக் குடுங்க."

கூட்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டது. முன்வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஏமஸ் கிங்ஃபிஷர் நிமிர்ந்து பார்த்தான். என்னோடு பள்ளிக்கூடம் போனவன். ஓடைக்கு அந்தப்பக்கம் அவன் வீட்டில் மட்டும் ஒன்பது ஓட்டு.

"ஏன்டா வெல்டன், அந்த ஓட்டுக்கு எத்தனை காலு?"

சிரிப்பு வெடித்தது. மச்சினன் துடுப்பைக் கொப்பரைக்குள்ளேயே விட்டுவிட்டான்.

"குட்டி போடுமா, முட்டை போடுமா? தெரிஞ்சாத்தான குடுக்க முடியும்?"

மறுநாள் காலை ஏமஸ் என் வாசலில் நின்றான். கையில் தொப்பி, தொப்பிக்குள் ஒரு பெட்டை நாய்க்குட்டி. "கேட்டல்ல, புடி," என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

குட்டிக்கு ஓட்டு என்றே பெயர் வைத்தேன். அந்தக் கோடை முழுக்க அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எனக்குத் திறக்காத கதவெல்லாம் அதற்குத் திறந்தது. ஒரு வீட்டில் காபி, அடுத்த வீட்டில் காபி, மூன்றாவது வீட்டில் கறிக்கு ஓட்டும் காபிக்கு நானும். பதினொரு ஓட்டில் ஜெயித்தேன். அதில் ஒன்பது ஏமஸ் வீட்டு ஓட்டு என்று நானே முடிவுகட்டினேன்.

பிறகு எங்கள் தலைநகர் தாலிகுவாவில் கவுன்சில் நாற்காலி, மைக், தீர்மானங்கள். ஓடைக்கு அந்தப்பக்கம் குடிதண்ணீர்க் குழாய் போட வைத்தேன். செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போய் ஐந்து 'கொடு'வையும் கற்றேன். எல்லாம் செய்தேன், ஏமஸ் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. விற்றுப்போன சரக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிற வியாபாரி உண்டா?

இரண்டாவது தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவள் மெலிண்டா பேர்ட்டெய்ல், குழந்தைகளுக்குச் செரோக்கி சொல்லிக்கொடுக்கிற டீச்சர். இழுபறி என்று மச்சினன் பயமுறுத்தினான். ஏமஸின் ஒன்பதைக் கையில் பிடித்துக்கொண்டால் கரையேறிவிடலாம். வளர்ந்துவிட்ட ஓட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் சரியான 'கொடு'வைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஏமஸ் வால்நட் மரத்தடியில் தூண்டில் கயிற்றில் முள் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து மேசையில் தபால் ஓட்டு உறைகள் ஒன்பது, ஒட்டாமல், மேலே ஒரு கல். நான் நின்று, மடங்குகிற பொருளுக்கான சொல்லைப் போட்டு, பிசகில்லாமல் கேட்டேன்.

"சரியாக் கேட்டுட்டியே," என்றான். முகத்தில் ஒன்றும் பெரிய சந்தோஷமில்லை. "போன தடவை உசுருள்ளது கேட்ட. இப்ப காகிதம் போதுமாக்கும்?"

"அப்பவும் காகிதம்தான்டா கேட்டேன். வாய் தப்பிருச்சு. நீ புரிஞ்சுக்கிட்டு ஒம்போதையும் எனக்குப் போட்டியே."

ஏமஸ் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். லோரீன் காபியோடு வந்துகொண்டிருந்தாள்.

"நாங்க எங்க போட்டோம்?" என்றாள். "கவுன்சிலரே, நீங்க கேட்டது நாய். இருந்ததுலயே நல்ல குட்டியாப் பாத்துக் குடுத்தோம். ஓட்டை வேற ஒருத்தர் கேட்டாரு. அவருக்குப் போட்டோம்."

காபி சுட்டது. "நாலு வருசமா ஊரு பூரா சொல்லிக்கிட்டு இருக்கேனே."

"நாங்களும் கேட்டோம்," என்றான் ஏமஸ். "நல்லாத்தான் சொல்ற. கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

"இந்தத் தடவை?"

"மெலிண்டா போன வாரம் வந்துச்சு. அதுவும் சரியாத்தான் கேட்டுச்சு. ரெண்டு மணி நேரம் உக்காந்து லோரீனுக்கு பீன்ஸ் உரிச்சுக் குடுத்துச்சு. இன்னும் எதுலயும் எழுதல. நீயும் பேசு, கேப்போம்."

சந்தைக்காரன் மகனுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சரக்கைக் காட்ட வேண்டியதுதான். அவன் வீட்டுக் குழாய் பத்தடி தூரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அது என் குழாய். அதைக் காட்டக் கையைத் தூக்கினேன்.

அப்போது ஓட்டைப் பார்த்தேன். வண்டியிலிருந்து எப்போதோ குதித்து, வீட்டுக்கு அடியில் படுத்திருந்த தன் தாயிடம் போய்விட்டிருந்தது. கிழட்டு நாய்க்கு மறுபடியும் ஒரு ஈற்றுக் குட்டிகள். நாலு வருஷத்துக்கு முன்னால் என் சட்டைக்குள் இருந்த அதே செம்பட்டை நிறத்தில் ஒன்று ஓட்டின் காதைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று காபி குடித்த அந்தக் காலைகள், திறந்த கதவுகள், என்னைக் கவுன்சிலரே என்று யாரும் கூப்பிடாத அந்தக் கோடை.

வாயைத் திறந்தேன். வந்தது பழைய சொல், அப்பாவின் கூண்டுக்குப் பின்னால் பொறுக்கியது.

ஏமஸ் முள்ளைக் கீழே வைத்தான். "மறுபடியும் வாய் தப்புனதா?"

"இல்ல."

"நல்லா யோசி. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் தருவோம்."

இன்னொரு முறை சொன்னேன். உயிருள்ளதைக் கொடு.

லோரீன் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு போய் அந்தச் செம்பட்டைக் குட்டியைத் தூக்கி வந்தாள். ஏமஸ் தன் தொப்பியைக் கழற்றினான்.

ஏழு ஓட்டில் தோற்றேன். அந்த ஒன்பதும் இந்தப்பக்கம் விழுந்திருந்தால் மறுபடியும் அதே பதினொன்றில் ஜெயித்திருப்பேன். கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும், அதற்கு வகுப்பு தேவையில்லை.

முடிவு வந்த மறுநாள் காலை மச்சினன் போன் பண்ணினான். "வெறும் ஏழுதான் மச்சான். மறு எண்ணிக்கை கேக்கலியா?"

"கேட்டு வாங்கிட்டேன்டா," என்றேன். "இங்கதான் என் செருப்பைக் கடிச்சுக்கிட்டு இருக்கு."

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். சனிக்கிழமைகளில் ஓட்டையும் மறு எண்ணிக்கையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டுகிறேன். ஏமஸ் காபி தருகிறான். அதைக் கேட்க எங்கள் மொழியில் வேறொரு 'கொடு' இருக்கிறது. அதை இன்னும் தப்பாகத்தான் சொல்கிறேன்.