டிபன் பையில் போன நூற்றுப் பன்னிரண்டு நிறங்கள்

காலை எட்டு மணிக்கு எங்கள் கார் தொழிற்சாலையின் எல்லாத் திரைகளிலும் ஒரே வாசகம் வந்து நின்றது: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம். பூட்டுகிற வேலையையாவது ஒழுங்காகச் செய்கிற ஆட்கள். நாங்கள் அதைக்கூடச் செய்ததில்லை.

பெயின்ட் பிரிவில் கலர் கலக்கும் அறைக்கு நான் பொறுப்பு. நூற்றுப் பன்னிரண்டு நிறங்களின் அளவுகளும் கணினியில்தான் இருந்தன. தினமும் அவற்றை இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் பூட்ட வேண்டும் என்பது விதி. அலமாரிச் சாவி மேனேஜரிடம். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் இரண்டு டிஸ்க்குகளும் வருஷக்கணக்காகக் கணினியிலேயே தொங்கின. அவருக்கும் தெரியும்.

"இந்த டிஸ்க்கும் போச்சு," என்றார் கணினிப் பிரிவு அதிகாரி. "இன்னொண்ணு எங்க?"

வெறும் வயர்தான் தொங்கியது. முந்தின நாள் மாலை போனைச் சார்ஜில் போட நான்தான் அதைக் கழற்றி மேசையில் டிபன் பை பக்கத்தில் வைத்தேன். அப்புறம் என்ன ஆனதென்று சத்தியமாக நினைவில்லை.

"தெரியல சார். தேடறேன்."

மேசைக்கு அடியில் குனிந்து தேடும்போது என் வீட்டுக்காரர் போன் செய்தார். நாலு மாசமாக அவருக்கு வேலை இல்லை. வீட்டு வேலை முழுக்க அவர் கையில்.

"உன் நேத்து டிபன் பையைக் கழுவ எடுத்தேன். உள்ள கறுப்பா ஒரு டிஸ்க் கெடந்துச்சு. பாட்டு ஏத்தலாம்னு நம்ம கம்ப்யூட்டர்ல சொருகினா, எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்குது. சரின்னு கொடுத்திடவா?"

"கைய எடுங்க. வேற எதையும் தொடாதீங்க. வயர மட்டும் கழட்டுங்க."

"கோவமா இருக்கியா?"

"உங்களக் கும்பிடறேன், கழட்டுங்க."

கழற்றினார். மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. தகவல் உள்ள எதையும் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் அன்றே வேலை போகும். போன வருஷம் ஒரு வரைபடத்தைப் போட்டோ எடுத்ததற்கே ஒரு வெல்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே, பெயின்ட் வேலை நின்றுபோய் அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. பாழாய்ப்போன மனசு, மேனேஜர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனது.

சொன்னேன். அவர் உடனே வீட்டுக்கு வண்டி அனுப்பினார். வீட்டுக்காரர் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி வந்தார். வைரஸ் தொடாத வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன. மதியம் மூன்று மணிக்கு முதல் கதவு அச்சு அசல் நீலத்தில் வெளியே வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். என்னை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"வெளிய கொண்டு போனது தப்புன்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

புகார்ப் படிவம் ஒன்றை எடுத்து நிதானமாக எழுதினார். கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

விதியை மீறியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

"சார், கொண்டு போனது நான்தானே."

"தினமும் அலமாரிய நான் தெறந்து கொடுத்திருந்தா அது உங்க பைக்குள்ள போயிருக்காதும்மா. போங்க, வீட்டுக்காரர் வெளிய நிக்கறார்."

நான் எழுந்திருக்கவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, நாலு மாசமாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதேன்.