பன்னிரண்டு நிமிடச் சட்டை

றூபன் எந்தச் சட்டையைப் போட்டாலும் அது பத்து நிமிடத்தில் பொலிஸ் சட்டையாகிவிடும். வெள்ளைச் சட்டைக்குப் பன்னிரண்டு நிமிடம். மார்பு இலக்கம் கடைசியாக வரும். துவைத்தால் பழையபடி ஆகும். 2019 மாசியில் இது தொடங்கியது. அவர் தஞ்சம் தேடி வந்த வெளிநாட்டில், மல்வேர்ன் என்ற பகுதியில் அவர் வேலை செய்த பேக்கரியில் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பாண் வாங்க வந்தவர்கள் நேராக வரிசையில் நின்றதால் முதலாளிக்கும் குறையில்லை.

வினை பஸ் தரிப்பில் வந்தது. அங்கே நிற்பவர்களில் பலர் ஊரில் போர்க்காலச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்தவர்கள். சீருடையைக் கண்டால் யாரும் கேட்காமலே அடையாள அட்டையை நீட்டுவார்கள். ஒருநாள் ஏழு பேர் றூபனிடம் அப்படி நீட்டியதை உண்மையான பொலிஸ்காரர் ஒருவர் பார்த்தார். பொலிஸாக நடித்ததாக வழக்குப் பதிவானது. றூபனின் அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. குற்றவாளியானால் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஒப்புக்கொண்டால் சிறையில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. வழக்கறிஞர் செரீனா அதைத் தெரிவித்தபோது றூபன் மேசையில் அடித்தார்.

"நான் பொலிஸ் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லாததை ஏன் ஒப்புக்கொள்ளோணும், தங்கச்சி?"

"அப்ப விடுங்கோ அண்ணை. சண்டை பிடிப்பம்."

நீதிமன்றத்தில், அரசுத் தரப்பே வாங்கிவந்த மஞ்சள் சட்டையை றூபன் போட்டார். அது பொலிஸ் சட்டையாக ஒன்பது நிமிடம் எடுத்தது. நீதிபதி நேரத்தைக் குறித்துக்கொண்டார். சட்டை மாறுவது பிரச்சினையில்லை, சனங்களிடம் அட்டை வாங்கிப் பார்த்தாரா என்பதே கேள்வி என்றது அரசுத் தரப்பு. அதன் சாட்சி, அன்று அட்டை நீட்டிய ஏழு பேரில் ஒருவரான யோகராணி. அவருக்கு எழுபத்தொரு வயது.

"இவர் உங்களிட்டை அட்டை கேட்டவரோ?" என்றார் செரீனா.

"இல்லைப் பிள்ளை. உடுப்பைக் கண்டா என்ரை கை தன்பாட்டில போகும்."

"நீட்டினாப் பிறகு என்ன சொன்னவர்?"

"'உள்ளுக்கை வையுங்கோ அன்ரி, பஸ் வருது' எண்டவர். சீருடை போட்ட ஒருத்தர் எனக்கு அப்பிடிச் சொன்னது அதுதான் முதல்தரம்."

சட்டை செய்ததற்கு மனிதர் பொறுப்பல்ல என்று நீதிபதி எழுதி றூபனை விடுவித்தார்.

உடுப்பு இப்படி மாறுவது நிற்கும்வரை வீட்டில் இருக்கலாமே என்று சிலர் புத்தி சொன்னார்கள். றூபன் மறுநாளே அதே தரிப்பில் நின்றார். குளிர்கோட்டு முழுக்கப் பொலிஸ் நீலமாகியிருந்தது. யோகராணியின் கை கைப்பைக்குள் போய், பாதியில் நின்றது. பிறகு மற்றக் கையிலிருந்த அரிசிப் பையை நீட்டினார்.

"பொலிஸ் தம்பி, உந்தப் பையை ஒருக்காப் பிடியும்."

றூபன் பிடித்தார். பஸ் வந்தது.