சேரப்பணஞ்சேரியில் நெருப்பு கைவிடப்பட்ட வரலாறு

1

மனிதகுல வரலாற்றில் நெருப்பு கண்டுபிடிக்கப்பட்டதற்கு அடுத்த மாபெரும் நிகழ்ச்சி, நெருப்பு கைவிடப்பட்டது. அது படப்பைக்குப் பக்கத்தில், சேரப்பணஞ்சேரியில், ஒரு வாடகை வீட்டின் சமையலறையில், திங்கட்கிழமை காலை நிகழ்ந்தது. கேஸ் ரெகுலேட்டரைத் திருகி மூடியவர் வசந்தகுமார். உடனிருந்து கண்டவர்கள் மனைவி சசிகலா, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தன்ஷிகா, இன்னும் பள்ளிக்கூடம் போகாத மகன் ரித்விக். செய்தியாளர்கள் யாரும் வரவில்லை.

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில், கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு மாட்டிய ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தாள். "அடுப்பே பத்த வெக்கிறதில்லடி. பச்சையாத்தான் துண்றோம். நல்லாவே இல்ல. ஆனா நல்லாகீது." ஆட்டோ நின்றது, இறங்கிப் போய்விட்டாள். நல்லாவே இல்லாதது எப்படி நன்றாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். பெயர், புருஷன், பிள்ளைகள் எல்லாம் நான் கொடுத்தவை.

2

நையாண்டியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வசந்தகுமார் அதற்கென்றே செய்தவன் மாதிரி இருந்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கம்பெனி நடத்திய நலவாழ்வு முகாமில் வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர், "சமைத்த உணவு செத்த உணவு! தினமும் நீங்கள் பிணம் தின்கிறீர்கள்!" என்று முழங்கியதைக் கேட்டு மனம் மாறினான். (முகாம் முடிவில் எல்லோருக்கும் சிக்கன் பிரியாணிப் பொட்டலம் வழங்கப்பட்டது. எழுதும்போது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. இருக்கட்டும்.)

"இனிமே இந்த வூட்ல எதுவும் சாவாது சசி. எல்லாம் உயிரோடதான்."

"கொசு கூடவா?"

சசிகலா எதிர்ப்பாள் என்று முதலில் எழுதியிருந்தேன். 'சசிகலா கையிலிருந்த தேங்காய் மூடியை ஓங்கி' என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அவள் ஓங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று தெரிந்தபோது நையாண்டி என் கையைவிட்டுப் போயிற்று.

3

அவளும் வேலைக்குப் போகிறவள். செல்போன் பாகங்கள் கோக்கிற கம்பெனி, ஜெனரல் ஷிப்ட். அவனுக்கு செகண்ட் ஷிப்ட். அவள் வீடு திரும்பும்போது அவன் லைனில் நிற்பான், அவன் திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓ.டி. நான்கு பேரும் ஒரே கூரைக்கடியில் விழித்திருக்கக் கூடிய நேரம் என்றால் அது காலையில்தான். அதிலும் அவள் அடுப்படியில், அவன் போர்வைக்குள், ஒரு பிள்ளை டிவி முன்னால், இன்னொன்று அவள் இடுப்பில்.

அடுப்பு அணைந்ததும் அவளுக்கு நிற்க வேலையில்லை. கொள்கை பிடித்தவன் போர்வைக்குள் கிடக்க முடியாது, எழுந்து வந்து அவனே பரிமாறினான். ஊறவைத்த அவல்*, முளைகட்டின பச்சைப்பயறு, தேங்காய்த் துருவல், வாழைப்பழம். கூடத்தில் பாய் விரித்து நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அப்பா, பயறுக்கு வாலு கீது."

"அது வாலு இல்லடா, உயிரு."

"கடிச்சா அழுமா?"

"நீ கடி, நான் கேட்டு சொல்றேன்," என்றாள் சசிகலா.

அவள் முழங்கால் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. யாரும் நகர்த்தவில்லை. அவனுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்ததை அங்கேதான் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை வெளிச்சத்தில், உட்கார்ந்தபடி, இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவள் தின்றது பயறு. பசித்தது இதற்கு.

* அவல் நெருப்பைக் காணாதது என்று ஜிப்பாக்காரர் சொல்லியிருந்தார். நெல்லை வறுத்துத்தான் அவல் இடிக்கிறார்கள். இந்தத் தகவலை வசந்தகுமாருக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

4

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், வேலைக்குப் போன இடத்தில் இருவரும் என்ன சாப்பிட்டார்கள் என்று. இரண்டு கம்பெனியிலும் வீட்டு டப்பாவை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே கேன்டீன். தட்டை நீட்டினால் ஆவி பறக்கிற சோறு. முதல் நாள் வசந்தகுமார் வெள்ளரித் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டான். மறுநாள் அவற்றுக்குத் துணையாகக் கொஞ்சம் சாம்பார் சோறு. சசிகலாவுக்கு அந்த மறுநாள்கூடத் தேவைப்படவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பள்ளிக்கூட டப்பாவில் முளைப்பயறு. அம்மா வரும்வரை பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளுக்கு, "புள்ளைங்களுக்கு எதுவும் குடுத்துடாதீங்கக்கா" என்று தடையுத்தரவு. ஆக அந்த வீட்டில் கொள்கையை முழுதாகக் கடைப்பிடித்தவர்கள், பால்பல் விழாத இரண்டு பேர்.

5

ஒரு சாயங்காலம் சசிகலா துணி எடுக்க மாடிக்குப் போய்த் திரும்பினாள். வீட்டில் சத்தமே இல்லை. கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய வசந்தகுமாரின் முந்தின நாள் யூனிபாரம் சட்டைக்குள் இரண்டு தலைகள்.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சாப்புடுறோம்," என்றாள் தன்ஷிகா.

"இன்னாது?"

"அப்பா சட்டைல சாம்பார் வாசனை வருது மா. தம்பிக்குக் காலரு, எனக்குக் கையி. சண்டையே போடல."

ரித்விக் காலரிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னான். "அம்மா சட்டைல லெமன் சோறு."

[இங்கே சசிகலா அழுவதாக ஒரு பத்தி இருந்தது. நல்ல பத்தி. எடுத்துவிட்டேன். அவள் செய்தது, குனிந்து சட்டையில் மீதியிருந்த இன்னொரு கையை மோந்து பார்த்தது.]

நாளைக்கு அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பற்றவைத்தால் அந்த வட்டம் போய்விடுமே என்பதுதான் கவலை.

மறுநாள் காலை பாயை விரிக்க வந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், முந்தாநேத்து கேன்டீன்ல இன்னா துண்ண?"

"சாலட்டு."

"சாலட்டுல சாம்பார் ஊத்துனாங்களா? ஒம் புள்ளைங்க ஒஞ் சட்டைய மோந்துக்கினு குந்தியிருக்குதுங்க."

வசந்தகுமார் வாயைத் திறந்தான். ஜிப்பாக்காரரின் வாசகம் எதுவும் வரவில்லை.

"முருங்கக்கா சாம்பார்," என்றான்.

"எனக்கு லெமன் சோறு. அப்பளம் வேற."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"பத்த வெச்சிரு சசி. பாவம்."

"வெக்கிறேன். ஆனா நீ இதே மாதிரி எழுந்து வந்து குந்தணும். நாலு பேரும் ஒண்ணா. எனக்கு அது வேணும்."

"குந்துறேன்."

"சத்தியமா?"

"அட, குந்துறேன்னு சொல்றேன்ல."

"இன்னா வேணும் உங்களுக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

"தோசை!" என்றன இரண்டும்.

வசந்தகுமார் ஓடிப்போய் ஒரு மாவு பாக்கெட் வாங்கி வந்தான்.

6

இட்லி என்று கேட்டிருந்தால் காப்பாற்றியிருப்பேன். மொத்தமாக அவித்து நடுவில் வைத்துவிட்டு அவளும் உட்காரலாம். தோசைக்கு அது முடியாது. தோசை சாப்பிடுகிற வீட்டில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அடுப்பையே கூடத்துக்கு இழுத்து வந்தார்கள். கேஸ் டியூப் எட்டவில்லை.

(ஆ) 'கரண்டியை வசந்தகுமார் வாங்கிக்கொண்டான்.' வாங்கிக்கொண்டான். முதல் தோசை கல்லோடு போயிற்று. அது பரவாயில்லை. ஆனால் வட்டத்தில் அப்போதும் மூன்று பேர்தான், அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தது.

(இ) எல்லாத் தோசையையும் ஹாட்பாக்ஸில் அடுக்கிவிட்டு அப்புறம் நால்வரும்... சட்டையை மோந்த பிள்ளைகளிடம் "இருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

(ஈ) 'சசிகலா கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் பக்கத்தில் வந்து'

இதை முடிக்க எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முடித்துக் கொடுங்கள். தோசை சூடாக இருக்க வேண்டும், நான்கு பேரும் உட்கார்ந்திருக்க வேண்டும், ஐந்தாவது ஆள் கூடாது. அவள் கரண்டியோடு நிலைப்படியில் நின்று கூடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் சொன்னபடி குந்தித்தான் இருக்கிறான். அவளுக்கு அங்கே இடம்கூட விட்டிருக்கிறான். நிதானமாக யோசியுங்கள், காத்திருக்கிறேன்.

மூன்று பேரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். மாவு தீர்ந்துவிட்டது.