நாங்கள் கேட்டது கடையை

எங்கள் வீட்டு மேசையில் யார் உட்காரலாம் என்பதை என் அப்பா காலத்திலிருந்தே குடும்பத்தின் மூத்தவர்தான் முடிவு செய்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபையில் நாலு பேரிடம் பேசிவிட்டு நான் வீடு திரும்பியபோது, வாசலில் பழக்கமில்லாத ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே என் அக்காள் மகன் உட்கார்ந்திருந்தான். எங்கள் கண்ணாடிக் கடையைப் பறித்துக்கொண்டவன்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நான் அவனைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனேன். மகன் அங்கே தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யார்டா இவனை உள்ள விட்டது?"

"நான்தாம்பா கூட்டிட்டு வந்தேன்."

"கடையைத் திருப்பித் தர்றேன்னு சொன்னானா?"

"இல்ல."

"மன்னிப்பாவது கேட்டானா?"

"வாயெடுத்தாரு. முடியல. அழுதுட்டாரு."

"அப்புறம் எதுக்கு விருந்து?"

"விருந்தெல்லாம் இல்லப்பா, வெறும் சோறுதான்."

மருமகள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "மாமா, அவருக்கும் சேர்த்து வடிச்சாச்சு. இப்ப எழுப்பி அனுப்பினா மிச்சத்தை நீங்கதான் சாப்பிடணும்" என்றாள். எது விளையாட்டு, எது வினை என்று அவளுக்குத் தெரிவதில்லை.

அந்தக் கடை என் அப்பா தொடங்கியது. பெயர்ப்பலகையில் இருந்தது அவர் பெயர். எனக்குப் பின் மகனும் அக்காள் மகனும் கூட்டாக நடத்தினார்கள். ஒருநாள் பெரிய கண்ணாடி ஒன்று சரிந்து மகனின் கையைக் கிழித்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் பார்த்து, கட்டடச் சொந்தக்காரரிடம் போய் வாடகை ஒப்பந்தத்தைத் தன் ஒருவன் பெயருக்கு மாற்றிக்கொண்டான் இவன். மகன் கட்டோடு திரும்பி வந்தபோது கடைக்குப் புதுப் பூட்டு தொங்கியது. பெயர்ப்பலகையும் புதிது.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. வீட்டு அழுக்கைத் தெருவில் உலர்த்துகிற குடும்பம் அல்ல எங்களுடையது. கர்த்தரிடம் மட்டும் சொன்னேன். "எங்கள் கையை விட்டுப் போனதை இரட்டிப்பாகத் திரும்பத் தாரும்" என்று சாப்பாட்டு ஜெபத்தில் தவறாமல் சொல்லி வந்தேன். கடை வரவில்லை. மகன் இன்னொருவரிடம் கூலிக்குப் போய், ஊரார் வீட்டு ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறான். எங்கள் குடும்பத்தில் கைநீட்டிக் கூலி வாங்கிய முதல் ஆள் அவன்தான். ஆனால் சில வாரங்களாக அவன் குளிக்கும்போது பாட்டு கேட்கிறது. கடை சம்பந்தமாக நல்ல சேதி ஏதோ வரப்போகிறது என்று நான் நம்பியிருந்தேன்.

"உனக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

அவன் தட்டைக் கீழே வைத்தான். "முதலாளி கண்ணாடி வாங்கிட்டு வரச் சொன்னாரு. எங்கன்னு நெனைக்கிறீங்க? நம்ம கடைக்கு. அத்தானைப் பார்த்தா என்ன பண்ணுவேனோன்னு பயந்துகிட்டேதான் போனேன். பார்த்தேன். ஒண்ணும் வரலப்பா."

"என்ன வரல?"

"கோபம். உள்ளுக்குள்ள தேடிப் பார்த்தேன். இல்ல."

"அதனால?"

"நாம கேட்டது கடையை. கர்த்தர் இதைக் கொடுத்திருக்காரு. இதை நான் கேட்கக்கூட இல்ல. கேட்கத் தெரியாததையும் கொடுக்கிறவரு, மத்ததைப் பார்த்துக்க மாட்டாரா?"

"வீடு கட்டினேன், வேலை கிடைச்சுதுன்னு சபையில சாட்சி சொல்லுவாங்க. கோபம் போச்சுன்னு எவனாவது எழுந்து சொல்லியிருக்கானா?"

"சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தான்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உப்பு வாங்கப் போனவன் கையில் கடைக்காரர் பூவைக் கொடுத்து அனுப்புகிறார். இவனும் கும்பிட்டு வாங்கி வருகிறான். இதில் யாரைக் கேள்வி கேட்பது?

மேசையில் உட்கார்ந்தோம். அக்காள் மகன் எனக்கு எதிரே இருந்தான். "மாமா, ஜெபம் பண்ணுங்க" என்றாள் மருமகள். அவனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, "எங்கள் கையை விட்டுப் போனதை இரட்டிப்பாகத் திரும்பத் தாரும்" என்றேன்.

வழக்கமாக முதலில் ஆமென் சொல்லும் மகன் வாய் திறக்கவில்லை. எதிரே இருந்தவன்தான் சொன்னான். கண்ணைத் திறந்தபோது மகன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இத்தனை வாரமாக இருந்த எதையோ நான் தட்டிவிட்டது போல இருந்தது.

"மாமா," என்றான் அக்காள் மகன். "எனக்காகவும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுவீங்களா?"

"உனக்கென்ன குறை? கடை இருக்கே."

"இருக்கு மாமா. காலையில ஷட்டரைத் தூக்கும்போதே கை நடுங்குது. உள்ள போய் உட்கார்ந்தா, எப்படா சாத்துவோம்னு இருக்கு."

"பாவம் பண்ணின கை நடுங்காம என்ன செய்யும்?" என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஜெபம் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற பேர் எங்கள் குடும்பத்துக்கு வந்ததில்லை. அது என் காலத்தில் வர நான் விடமாட்டேன். எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவன் தலையில் கை வைத்தேன்.

"கர்த்தாவே, இவனை…"

ஆசீர்வதியும் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. ஆசீர்வாதம் என்றால் எனக்குத் தெரிந்தது தொழிலும் வீடும் வாசலும்தான். அதைக் கேட்டால் எங்கள் கடை இவன் கையில் செழிக்கட்டும் என்று நானே கேட்டதாகும். கடையைத் திருப்பித் தருகிற மனதை இவனுக்குக் கொடும் என்று கேட்கலாம். அதைத்தான் கொஞ்சம் முன்பு சுற்றி வளைத்துக் கேட்டு முடித்தேன், அவனே ஆமெனும் சொல்லிவிட்டான். வேறு என்ன இருக்கிறது கேட்க? இத்தனை வயதுக்கு நான் கர்த்தரிடம் வேறு எதையாவது கேட்டிருக்கிறேனா?

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அக்காள் ஜாடை அவன் நெற்றியில் அப்படியே இருந்தது. மகனைப் பார்த்தேன். அவன் கண்களை மூடியிருந்தான்.

"என் மகனுக்கு ஒன்றைக் கொடுத்தீரே," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அதை இவனுக்கும் கொடும்."

ஆமென் என்றார்கள். மருமகள் மூக்கை உறிஞ்சினாள். கையை எடுத்துவிட்டு என் இடத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்று தெரிந்தது. ஆனாலும் ஜெபம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல், அவன் தலையில் வைத்த கையோடு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.