வீட்டுப் பள்ளிக்கு வந்த ஆடிட்

“எங்கள் குழந்தைகள் இந்த அரையாண்டில்” என்று தலைப்பைத் தட்டிவிட்டு, சுபஸ்ரீ முக்கால் மணி நேரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது: “கவின் இயந்திரங்களோடு உரையாடத் தொடங்கியிருக்கிறான்.” அந்த உரையாடலின் பயனாக அன்று காலையிலிருந்து வீட்டில் மிக்சி ஓடவில்லை. சட்னி இல்லாமல் இட்லியைச் சர்க்கரை தொட்டுத் தின்ற கணவன் தரணீதரன் தன் பனியன் பேக்டரிக்குப் போயிருந்தான். ஒன்பது வயது மகனோ, மிக்சியின் வயிற்றிலிருந்து எடுத்த நாலு திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக் குலுக்கியபடி மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் நடந்த ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு வந்துதான் சுபஸ்ரீ பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். பள்ளிக்கூடம் என்பது குழந்தையின் ஆன்மாவுக்கு அடிக்கும் லாடம் என்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தார். தரணீதரன் உடனே சம்மதித்தான். அன்றைக்கு அவனுடைய கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வீட்டை இடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பான்.

அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை உறவுக்காரர்கள் நாற்பது வீட்டுக்கு அவளுடைய அறிக்கை போகும். நாலு பக்கம், கலர், பனியன் அட்டை அடிக்கிற கெட்டித் தாள். தாராபுரத்தில் அவள் அம்மா அதை லேமினேட் செய்து வைத்தாள், படிக்கவில்லை. அனுப்பர்பாளையத்துச் சின்னம்மா சாரதாமணி, தாள் தரமாக இருக்கிறது என்று மெச்சி, எவர்சில்வர் டப்பாக்களுக்கு அடியில் விரித்தாள். வரி விடாமல் படித்தவர் ஒருவர்தான்: மாமனார் லிங்கசாமி. பேக்டரியை ஆரம்பித்து மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வில் இருப்பவருக்கு வேறு வேலையும் இல்லை. “பூவிழி மழையிடம் கணிதம் கற்கிறாள்” என்ற வரிக்கு அடியில் சிவப்புப் பேனாவில் கோடு போட்டு, ‘எந்தக் கணக்கு?’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்.

மிக்சி நின்ற அன்று சாயங்காலம் நேரிலேயே வந்தார். கையில் டவுனிலேயே பெரிய பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் பாரம் இரண்டு.

“ஞாயித்துக்கிழம வர்றேன் அம்மிணி. புள்ளைககிட்ட நாலு கேள்வி கேப்பேன். திருப்தியாப் பதில் சொல்லீட்டாங்கன்னா அப்பறம் உன்ற இஷ்டம், நா வாயத் தொறக்கறதில்ல. இல்லீன்னா ஜூன்ல ரெண்டும் பள்ளிக்கொடம் போகோணும்.”

பாரங்களை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் போனார்.

சுபஸ்ரீ பாரங்களை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் வாங்கிய தங்கப் பதக்கம் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. இந்த வீட்டில் அவள் நினைத்து, அவள் செய்து, அவள் பேரில் நடப்பது இந்தப் பிள்ளைகள் படிப்பு ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் காலை எட்டரைக்கு மேல் அவள் மறுபடியும் தரணீதரன் சம்சாரம். நாளெல்லாம் அது ஒன்றேதான் உத்தியோகம்.

விஷயத்தைக் கேட்ட தரணீதரன் யோசித்தான். அவனுக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். “ஏஞ்சுபா, இதும் பையர் ஆடிட் மாதிரிதான? நம்ம ராஜபாண்டிய அனுப்பறேன். மூணு நாள் குடுத்தா எதையும் பாஸ் பண்ண வெச்சிருவான்.”

பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கொரு முறை ஆள் அனுப்புவார்கள். வேலை நேரம் எவ்வளவு, கக்கூஸ் சுத்தமா, யாராவது அதட்டுகிறார்களா என்று அந்த ஆள் தொழிலாளிகளைக் கேட்பார். அவர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அருள்புரம் யூனிட்டில் ஆட்களைப் பழக்குகிறவன் ராஜபாண்டி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து டெய்லராக வந்து, இந்த ஒரு திறமையால் ஏசி அறைக்கு ஏறியவன்.

மனப்பாடம் என்பது குழந்தையின் மீது நடக்கும் வன்முறை என்று முதல் அறிக்கையில் இரண்டு பத்தி எழுதியவள் சுபஸ்ரீ. இது மனப்பாடம் இல்லை, சூழலுக்குப் பழக்குவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, “வரச் சொல்லுங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ராஜபாண்டி வந்தான். முதல் வேலையாகப் படிக்கும் அறையில் முதலுதவிப் பெட்டி வைத்தான். சமையலறை வாசலில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டினான். ஹாலில் பூட்டுப் போட்ட குறைதீர்ப்புப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, ‘அம்மா நன்றாகச் சொல்லித் தருகிறார்’, ‘பால் நேரத்துக்குக் கிடைக்கிறது’ என்று இரண்டு சீட்டை அவனே எழுதி உள்ளே போட்டான். இதெல்லாம் எதற்கு என்று சுபஸ்ரீ கேட்டாள்.

“ஆடிட்டுன்னா மொதல்ல கண்ணு நெறையணும் மேடம். கேள்வியெல்லாம் அதுக்குப் பெறகுதேன்.”

பிறகு இரண்டு வருட வருகைப் பதிவேட்டை ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தான்: நாலு பேனா மாற்றி, நடுவில் இரண்டு பக்கத்தில் டீ சிந்தி. சுபஸ்ரீ முகம் சுளித்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, ஐந்தாவதாக இருக்கட்டும் என்று தன்னுடைய பச்சைப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாடத்துக்கு அவன் புதிதாக மெனக்கெடவில்லை. பேக்டரியில் கொடுக்கிற கேள்வி-பதில் தாளையே ஜெராக்ஸ் எடுத்து, தொழிலாளி என்று இருந்த இடத்தில் மாணவர் என்றும் முதலாளி என்று இருந்த இடத்தில் அம்மா என்றும் திருத்தியிருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். சிரிக்கலாம், ரொம்பச் சிரிக்கக் கூடாது. தெரியாவிட்டால், ‘ஆபீஸில் ரெக்கார்டு இருக்கிறது’ என்று சொல்லிவிட வேண்டும். வாய்ப்பாடு ஏழுக்கு மேல் ஏறாத கவின் இதை அரை மணியில் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வயதுப் பூவிழி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.

“அது பக்கத்துலயே ஆணியில தொங்கும் பாப்பா. பேக்டரியில பத்து வருசமா ஒருத்தரும் தொறந்ததில்ல.”

ஞாயிறு பத்து மணிக்கு லிங்கசாமி வந்து சோபாவில் உட்கார்ந்தார். ராஜபாண்டி ஆடிட் நாட்களில் நிற்பது போலவே, யார் கண்ணிலும் படாமல், பிள்ளைகள் கண்ணில் மட்டும் படும்படி நின்றான்.

“ஏங்கண்ணு, அம்மாகிட்டப் படிக்கறது புடிச்சிருக்குதா?”

கவின் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான். அளவாகச் சிரித்தான். “எங்களை யாரும் கட்டாயப்படுத்தலீங்க அப்பாரு. எங்க சொந்த விருப்பத்துலதான் படிக்கறோம்.”

“அப்பிடியா. ஒரு நாளைக்கு எத்தன நேரம்?”

“எட்டு மணி நேரந்தானுங்க. அதுக்கு மேல படிச்சா ரெட்டைச் சம்பளம்.”

ராஜபாண்டி இருமினான். தாளில் அந்த வரியை அடித்துவிட அவன் மறந்திருந்தான்.

“பன்னெண்டப் பதினாறால பெருக்குனா?”

“அதுக்கு ஆபீஸ்ல ரெக்கார்டு இருக்குதுங்க.”

ரெக்கார்டைக் கொண்டுவரச் சொன்னார் லிங்கசாமி. பதிவேட்டை நிதானமாகப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். “பிப்ரவரி எட்டாந் தேதி ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் ரெண்டு பேரும் படிச்சிருக்கறாங்க. அன்னிக்கு என்ற அறுபதாங் கல்யாணம் அம்மிணி. இவன் என்ற மடீல உக்காந்து மாலைப் பூவப் பிச்சுத் தின்னுட்டிருந்தான்.”

தரணீதரன் சீலிங் ஃபேனைப் பார்த்தான். லிங்கசாமி மகன் பக்கம் திரும்பினார். “இந்தக் கேள்வி-பதிலு மொத ஆடிட்டுக்கு நா எழுதுனது. இன்னும் அதையேதான் ஓட்டறீங்களாக்கும்.” குரலில் கோபத்தைவிடப் பெருமைதான் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது.

சுபஸ்ரீக்குப் பொறுமை போய்விட்டது.

“மாமா, நானே சொல்லீர்றனுங்க. இவனுக்கு எட்டு மாசமா வாய்ப்பாடு சொல்லித் தர்றேன், ஏழுலயே நிக்கறான். மிக்சி, கிரைண்டரு, உங்க பழைய ரேடியோ எல்லாத்தையும் கழட்டீட்டான். ரேடியோவ மட்டும் திருப்பி மாட்டீட்டான், அது இப்பப் பாடுது. இவ மழைகிட்டக் கணக்கெல்லாம் படிக்கலீங்க. மழை வந்தாத் தூங்கறா. பொஸ்தகத்த எடுத்துட்டுப் போய்க் கதவச் சாத்திக்கறா, என்ன படிக்கறேன்னு கேட்டா மொறைக்கறா. இத எப்பிடிங்க நாலு பக்கத்துக்கு எழுதறது? ஆனாலும் நாந்தானுங்க தெனமும் இதுககூட உக்கார்றேன்.”

லிங்கசாமி எழுந்து குறைதீர்ப்புப் பெட்டியின் பக்கம் போனார். பெட்டியைக் கண்டால் திறந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவருடைய பேக்டரியில் யாருக்குமே இல்லை. ஆனால் சும்மா நிற்பதற்குச் சங்கடப்பட்டோ என்னவோ, ஆணியிலிருந்த சாவியை எடுத்தார். இரண்டு சீட்டு விழுந்தது. மூன்றாவதாக நாலாக மடித்த கெட்டித் தாள் விழுந்தது. ராஜபாண்டி எட்டிப் பார்த்தான். அது அவன் போட்டது இல்லை. அப்போதுதான் சுபஸ்ரீ பிரிட்ஜ் மேலே பார்த்தாள். அங்கே ஒரு பாரம்தான் இருந்தது.

லிங்கசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இங்கிலீஷில், நீல மையில், ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லாமல் பூவிழி நிரப்பியிருந்தாள். இதற்கு முன் படித்த இடம்: வீட்டில், அம்மாவிடம். விலகும் காரணம்: அம்மாவுக்கு ஓய்வு வேண்டும், எனக்குச் சண்டை போட என் வயதில் யாராவது வேண்டும். பெற்றோர் கையெழுத்து மட்டும் காலியாக இருந்தது.

“பெரிய பெரிய முதலாளிக இந்தப் பாரத்த ரொப்பறதுக்கு ஆளு வெச்சிருக்கறாங்க” என்றார் லிங்கசாமி. “நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கற அம்மிணி. நீ பாஸு. இனி உன்ற இஷ்டம்.”

தாளைச் சுபஸ்ரீ கையில் கொடுத்தார். ஜெயித்த தாளில் தோல்வி எழுதியிருந்ததை அவள் இரண்டு முறை படித்தாள்.

“வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?”

“நீ எப்பப் பாத்தாலும் எங்களப் பத்தி எழுதீட்டே இருந்தியேம்மா” என்றாள் பூவிழி. “பொட்டி மாட்டுனாங்க. போட்டேன்.”

பச்சைப் பேனா பதிவேட்டின் மேலேயே கிடந்தது. சுபஸ்ரீ கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணியது. இன்னொரு பாரத்தை எடுத்துக்கொண்டு லிங்கசாமி பேரனைப் பார்த்தார்.

“எங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்க அப்பாரு” என்றான் கவின், கண்ணைப் பார்த்து.

மறுநாள் அவள் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். “பூவிழி தன் கற்றல் பயணத்தின் அடுத்த தளத்தைத் தானே தேர்ந்துகொண்டாள்” என்று தட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்த பூவிழி, “ஸ்கூலுக்குப் போறான்னு போடும்மா” என்றாள்.

அழித்துவிட்டு அப்படியே போட்டாள். திரையில் மேலே போய், கவின் இயந்திரங்களோடு உரையாடுகிற வரியையும் அழித்தாள். அந்த இடத்தில், “மிக்சி இன்னும் ஓடவில்லை” என்று எழுதினாள்.